சென்சாரை மாற்றும் முன் கம்பி சிவக்கிறதா என்று பாருங்கள்

வண்டி இழுவை குறைகிறது, மைலேஜ் இறங்குகிறது, ஸ்கேனரில் பெட்ரோல் கலவை லீன் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) என்று கோட் வருகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றியதும் எல்லாம் சரியாகிறது. சில மாதங்களில் அதே வண்டி அதே குறையோடு திரும்பி வருகிறது. ஹாட் வயர் வகை சென்சார் உள்ள வண்டிகளில் இப்படி நடந்தால், அந்தச் சென்சாரின் சுய சுத்தம் வேலை செய்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பலர் அதைச் சோதிப்பதே இல்லை. வாடிக்கையாளரின் பணம்தான் வீணாகிறது.

இந்தச் சென்சாருக்குள் தலைமுடி அளவுக்கு மெல்லிய பிளாட்டினம் கம்பி ஒன்று இருக்கிறது. உள்ளே வரும் காற்றைவிட அது எப்போதும் அதிகச் சூட்டில் இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கக் குளிர்விக்க, சூட்டைக் காக்கக் கூடுதல் கரண்ட் தேவைப்படும். அந்தக் கரண்டை வைத்துத்தான் எவ்வளவு காற்று வருகிறது என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு கணக்கிடுகிறது. கம்பியில் தூசியும் எண்ணெய்ப் பசையும் படிந்தால் குளிர்ச்சி சரியாக எட்டாது. காற்று குறைவு என்று நினைத்து இசியு பெட்ரோலைக் குறைத்துவிடும்.

இதற்காகவே 1980களில் வந்த பாஷ் எல்ஹெச்-ஜெட்ரானிக் போன்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்புகளில், இக்னிஷனை அணைத்த சில விநாடிகள் கழித்து, அந்தக் கம்பியைச் சுமார் ஒரு விநாடிக்கு 1000 டிகிரி செல்சியஸ் வரை இசியுவே சூடாக்கிப் படிவை எரித்துவிடும். இதுதான் சுய சுத்தம்.

சோதிப்பது எளிது. எஞ்சின் ஓடும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றி வைக்க வேண்டாம். பெட்டியின் கிளிப்களை மட்டும் தளர்த்தி வையுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 2500 ஆர்பிஎம்மைத் தாண்டி ரேஸ் செய்து, ஐடிலுக்கு வந்ததும் சாவியை அணையுங்கள். உடனே மூடியை விலக்கி, சென்சாரின் வலை வழியாக உள்ளே பாருங்கள். நிழலான இடமாக இருந்தால் நல்லது. கம்பி பளிச்சென்று செஞ்சூட்டில் ஒளிர்ந்து அணையும். சில வண்டிகளில் ஓரளவு வேகத்தில் ஓட்டி வந்தால்தான் இது இயங்கும். அதனால் ஒரு தடவை சிவக்கவில்லை என்பதற்காகச் சென்சாரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

ஓட்டிப் பார்த்தும் சிவக்கவில்லை என்றால், வயரிங் படத்தில் சுய சுத்தத்துக்கான முனையைக் கண்டுபிடித்து மல்டிமீட்டரை வையுங்கள். வோல்டேஜ் ஒரு நொடிதான் வரும் என்பதால் உச்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உள்ள மீட்டர் வேண்டும். வோல்டேஜ் வந்தும் கம்பி சிவக்கவில்லை என்றால் பழுது சென்சாரில். வோல்டேஜே வரவில்லை என்றால் வயர், எர்த், ரிலே, இசியு என்று வரிசையாகப் பாருங்கள். அந்த நிலையில் புது சென்சார் போட்டாலும் அதுவும் அழுக்காகத்தான் போகும்.

வெளியில் பொருத்திய திருட்டுத் தடுப்பு ஸ்விட்சுகளையும் மறக்காதீர்கள். சாவியை அணைத்ததும் இசியுவுக்கு வரும் மின்சாரத்தையே அவை துண்டித்தால், சுத்தம் செய்யும் வேலை நடக்கவே வாய்ப்பில்லை. பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்சை உடனடியாக அணைக்கும் பழக்கமும் அப்படித்தான்.

கம்பிக்குப் பதில் மெல்லிய படலம் உள்ள ஹாட் ஃபிலிம் வகைச் சென்சார்களில் பெரும்பாலும் இந்த வசதியே கிடையாது. அவற்றில் செஞ்சூட்டைத் தேட வேண்டாம். எந்த வகையானாலும் கம்பியையோ படலத்தையோ துணியாலோ பஞ்சாலோ தொடாதீர்கள், கெட்டுவிடும். இதற்கென விற்கும் ஸ்ப்ரேயை மட்டும், இக்னிஷனை அணைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிய பிறகு அடியுங்கள். அது முழுதாகக் காய்ந்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும்.