காய்ந்த பிறகும் லேப்டாப் ஏன் சாகிறது?

குளச்சலில் இருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லேப்டாப்பில் கருப்பட்டிக் காப்பி கொட்டிவிட்டது. துடைத்து, இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தேன். அப்புறம் நன்றாகத்தான் ஓடியது. மூன்று வாரம் கழித்து, மழை பிடித்த ஒரு காலையில் ஆன் ஆகவே இல்லை. காய்ந்த பொருள் எப்படிக் கெடும்?"

மழை பிடித்த காலை என்று சொன்னாரே, விடை பாதி அதில் இருக்கிறது.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிக மிகக் குறைவாகவே கடத்தும். கடல்நீர் அதைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு கடத்தும். கரைந்திருக்கும் அயனிகள்தான் காரணம், பள்ளியில் படித்ததுதான். சாயாவோ காப்பியோ அக்கானியோ (பதநீர்), எல்லாவற்றிலும் அயனிகள் உண்டு. அக்கானியில் சுண்ணாம்பும் சேரும். நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பும் சர்க்கரையும் எங்கே போகும்? சிப்புகளின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் படிந்து கிடக்கும்.

இனி நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வேதியியல்.

மதர்போர்டில் சிப்புகளின் பக்கத்துப் பக்கத்து உலோகக் கால்களுக்கு நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர்தான், பல இடங்களில் அதைவிடவும் குறைவு. ஒரு காலில் 3.3 வோல்ட், அடுத்ததில் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஈரப் படலம் ஒன்று வந்தால் அங்கே ஒரு மின்பகுப்புக் கலமே உருவாகிவிடும். நேர்மின் பக்கத்தில், கால்களைப் பற்றவைத்திருக்கும் சாலிடரில் உள்ள வெள்ளீய அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகி நீரில் இறங்கும். எதிர்மின் பக்கம் போய் எலக்ட்ரானை வாங்கி மறுபடி உலோகமாகப் படியும். முதலில் படிவது ஒரு சிறு மேடு. அந்த மேட்டின் நுனியில் மின்புலம் மற்ற இடங்களைவிட வலுவாக இருக்கும். அதனால் அடுத்து வரும் அயனியும் நுனிக்கே போகும். நுனி இன்னும் நீளும், மின்புலம் இன்னும் வலுக்கும். இப்படியே கிளை விட்டுக் கிளை விட்டு, மின்னல் கீற்றைப் போல ஓர் உலோகக் கொடி எதிர்மின் காலில் இருந்து நேர்மின் காலை நோக்கி வளரும். நுண்ணோக்கியின் கீழ், ஒரு சொட்டு நீரில், சில நிமிடங்களிலேயே இது வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

கொடி மறுகரையைத் தொட்டதும் ஷார்ட். மெல்லிய கொடி என்றால் பாயும் மின்சாரத்திலேயே எரிந்து அறுந்துவிடும். லேப்டாப் மறுபடி ஓடும். பிறகு இன்னொரு கொடி வளரும். "சில நாள் ஓடுது, சில நாள் ஓட மாட்டேங்குது" என்று ரிப்பேர் கடைகளில் கேட்கும் புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். ஷட்டவுன் செய்திருந்தாலும் பேட்டரி உள்ளே இணைந்தே இருப்பதால் சில பாதைகளில் மின்னழுத்தம் நின்றுகொண்டேதான் இருக்கும்.

காய்ந்த பின் ஈரம் எங்கிருந்து வந்தது? காற்றில் இருந்து. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் குமரிக் கடற்கரையில் ஈரத்துக்குக் குறைவா? போர்டில் படிந்த படிவு மழை நாளில் நனைந்து உயிர் பெறுகிறது. காப்பி கொட்டாத லேப்டாப்புக்கும் முட்டத்திலும் மணக்குடியிலும் இந்த ஆபத்து ஓரளவு உண்டு. விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுக்கிறதே.

அரிசி இதில் எதையும் செய்யாது. உப்பையோ சர்க்கரையையோ அது எடுக்காது. தூசையும் மாவையும் சேர்த்துவிட்டுப் போகும். ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. படித்தவர்களே இந்த நம்பிக்கையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நிலையம் வைத்துக் கடலோர அரிப்பை ஆராய்கிறது. அந்த அறிவு சின்னமுட்டத்தில் படகில் போகும் ஜிபிஎஸ், வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்ப்பவரின் மேசை வரை வந்து சேர வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவே அல்ல.

கொட்டிய உடனே செய்ய வேண்டியது: சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், விரித்தபடியே கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். சீக்கிரமே திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு போர்டைக் கழுவ வேண்டும். ஆம், தண்ணீரால்தான், காய்ச்சி வடித்த நீரால். சர்க்கரையும் உப்பும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. அதனால் முதலில் நீர், அப்புறம் ஆல்கஹால். ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் சிப்புக்கு அடியில் புகுந்து, எஞ்சிய நீரையும் கூட்டிக்கொண்டு ஆவியாகிவிடும்.

குளச்சல் மாணவிக்கு: ப்ராஜெக்ட் ஃபைல்கள் போய்விட்டன என்று இப்போதே கலங்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியது என்றால், அதை வெளியே எடுத்து, சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகிப் பாருங்கள். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த மாடல் என்றால், போர்டைக் கழுவிச் சோதிக்கும் வரை சார்ஜரைச் செருகவே செருகாதீர்கள்.