13,000 சம்பளம், கையில் 11,342: நடுவில் என்ன நடக்கிறது?

“தினக்கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் வேலை. 13,000 வர வேண்டிய இடத்தில் 11,342தான் வருகிறது. கூலித் தொழிலாளியிடம் இவ்வளவு வரியா?” என்று சென்னை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கழித்தல் சரிதான். ஆனால் பிடித்த 1,658 ரூபாயில் ஒரு பைசாகூட வரி இல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த 13,000-க்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 97 ரூபாய் 50 பைசா. அதை அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றி 98 பிடிப்பார்கள். ஆண்டுக்கு 1,56,000 வாங்குகிறவருக்கு வருமான வரி கிடையாது.

இந்தப் பிடித்தம் எங்கே வலிக்கிறது என்று பார்க்க, குறைந்தபட்சக் கூலி எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு குடும்பத்தின் தேவையை அளந்தது. உழைப்பவருக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6, ஆக 3 நுகர்வு அலகுகள். அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நால்வருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 72 கெஜம் துணி. பிறகு வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். கலோரியில் தொடங்கி ரூபாயில் முடியும் இந்தக் கணக்கு அழகானது. ஆனால் அந்த 0.8 உறுத்துகிறது: செங்கல் சூளையில் கணவனுக்குச் சமமாகக் கல் சுமக்கும் பெண்ணுக்கு வயிறு மட்டும் எப்படிச் சின்னதாகும்?

1991-இல் உச்ச நீதிமன்றம் இதை நீட்டியது. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பொழுதுபோக்கு, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கு மொத்தக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. அதாவது கூலி 100 ரூபாய் என்றால், உணவு, உடை, வாடகை, எரிபொருளுக்கு 75, மற்றவற்றுக்கு 25.

இப்போது பிடித்தத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். முதுமைக்குப் பி.எஃப்., மருத்துவத்துக்கு இ.எஸ்.ஐ. என்று அந்த 25-இலிருந்து 12.75 முன்கூட்டியே போய்விடுகிறது. படிப்பு, பண்டிகை, கல்யாணம் எல்லாம் மிச்சமுள்ள 12.25-க்குள் அடங்க வேண்டும். நம் வாசகருக்கு அது சுமார் 1,592 ரூபாய். அதுவும் கூலி இந்தச் சூத்திரப்படி முழுசாக நிர்ணயமாகியிருந்தால்தான். அதற்குக் கீழே கூலி வைத்தால், அதே 12.75 சதவீதம் நேராக அரிசியில் கை வைக்கும்.

முதலாளியும் தன் பங்காக 1,560 போட வேண்டும். அதில் 1,083 ஓய்வூதியத்துக்கு, 477 பி.எஃப். கணக்குக்கு. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 423 ரூபாய். கோளாறு பெரும்பாலும் இங்கேதான். சில ஒப்பந்ததாரர்கள் இரண்டு பங்கையும் தொழிலாளியிடமே பிடித்துவிடுகிறார்கள், சம்பளச் சீட்டில் பி.எஃப். 3,120 என்றிருந்தால் அது சட்டவிரோதம். சிலர் பிடிக்கிறார்கள், கட்டுவதில்லை. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணைக் கொண்டு உமங் என்ற அரசுச் செயலியில் பாஸ்புக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலாளிகளின் இன்னொரு தந்திரம், அடிப்படை 7,000, ‘படி’ 6,000 என்று சம்பளத்தைப் பிரிப்பது. பி.எஃப். 840 ஆகிவிடும். கையில் 720 கூடும், ஆனால் முதலாளி போட வேண்டிய 720-ம் காணாமல் போகும். எல்லாருக்கும் பொதுவாகத் தரும் படியையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அந்த 1,658-இல் சேராமல், நம் வாசகர் சம்பளத்திலிருந்து நேரடியாகப் போகும் வரி ஒன்று உண்டு. அது தொழில் வரி. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். அவருடையது 78,000, ஆகவே ஆண்டுக்கு 2,500, வருமானத்தில் 1.6 சதவீதம். மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்கும் அதே 2,500தான். அவருக்கு அது 0.2 சதவீதம். காரணம், ஆண்டுக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு சொல்கிறது; 250 ஆக இருந்த அந்த வரம்பை 1988-இல் 60-ஆவது திருத்தம் உயர்த்தியதோடு சரி. மேலே இடமில்லை என்றால் சுமை கீழேதான் இறங்கும். 2024-இல் சென்னை மாநகராட்சி தொழில் வரியை உயர்த்தியபோது, அரையாண்டுக்கு 21,000 முதல் 60,000 வரை வாங்குகிறவர்களுக்கு மட்டுமே உயர்ந்தது. குறைந்தபட்சக் கூலிக்காரர்களுக்கு இந்த வரியை அடியோடு நீக்க வேண்டும்.