செலவுக் குறைப்பு வேறு, மதிப்பு வேறு: மருத்துவமனை நிர்வாகம் கற்பிப்போருக்கும் கற்போருக்கும்

மருத்துவமனை நிர்வாக மாணவர்களின் செயல்திட்ட அறிக்கைகளைத் திருத்தும்போது ஒரே பிழையை ஆண்டுதோறும் காண்கிறேன். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்கள் உள்நோயாளிகளாகத் தங்கும் நாட்கள் குறைந்துவிட்டன, ஆகவே சேவையின் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று அண்மையில் ஓர் அறிக்கை முடிந்திருந்தது. வீடு திரும்பியவர்களில் எத்தனை பேரால் வலியின்றிப் படியேற முடிகிறது என்ற கேள்வி அதன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மேலாண்மை அறிஞர்கள் மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பெர்க்கும் 2006இல் விரிவாக முன்வைத்த கருத்தின்படி, நோயாளிக்கு முக்கியமான விளைவுகளை, அவற்றை எட்டுவதற்குச் சிகிச்சையின் தொடக்கம் முதல் முடிவு வரை ஆன மொத்தச் செலவோடு சேர்த்துப் பார்ப்பதுதான் மதிப்பு. விளைவை அளக்காமல் செலவை மட்டும் குறைத்தவர் மதிப்பைக் கூட்டினாரா குறைத்தாரா என்பது அவருக்கே தெரியாது. இயன்முறை சிகிச்சையைப் பாதியாக வெட்டினால் அந்தத் துறையின் கணக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு இறுகி, அந்த நோயாளி சில மாதங்களில் வேறொரு துறைக்கோ வேறொரு மருத்துவமனைக்கோ திரும்பி வரும்போது ஆகும் செலவை அந்தக் கணக்கு காட்டாது. செலவு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாத நிர்வாகி, நோயாளியின் வேதனையைச் சேமிப்பு என்று பதிவு செய்துவிடுவார்.

நோயாளி திருப்திப் படிவத்தை விளைவு அளவீடாகக் காட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அன்பாகப் பேசினார்களா என்பது அவசியமான கேள்விதான். நடக்க முடிகிறதா என்ற கேள்விக்கு அது விடையாகாது. பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், சிகிச்சை பலித்ததா என்பதை அறிய ஒவ்வொரு நோயாளியையும் குறைந்தது ஓராண்டு பின்தொடர வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார். கணினி வந்த பிறகும் நாம் வெளியேற்றக் குறிப்போடு கோப்பை மூடிவிடுகிறோம்.

கட்டணச் சீட்டில் உள்ள தொகையைச் செலவு என்று எழுதாதீர்கள். நோயாளியோடு கூடவே நடந்து, யார் எத்தனை நிமிடம் செலவிட்டார், அந்த நிமிடத்துக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். விளைவுகளை ஒப்பிடும் முன் வயது, இணைநோய்கள் போன்றவற்றுக்கு ஏற்ப எண்களைச் சரிசெய்யுங்கள். இல்லையேல் கடும் நோயாளிகளை ஏற்கும் மருத்துவருக்குக் கெட்ட பெயரும், அவர்களைத் தவிர்ப்பவருக்குப் பாராட்டும் கிடைக்கும்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: நிதிப் பாடத்தைத் தொடங்கும் முன்பே மாணவர்களைத் தொடர்சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆனவர்களிடம் இன்று உங்களால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று மாணவர்களே கேட்டு எழுதிவரட்டும். வரவுசெலவுத் தாளை அதன் பிறகு கொடுங்கள்.