கொலாட்டரல்: அடமானமா, பிணையா, ஈடா?

முந்திரி உடைக்க மெஷின் வாங்கவோ வள்ளத்துக்குப் புது என்ஜின் போடவோ கடன் வேண்டும் என்று குமரி மாவட்டத்தில் எந்த வங்கிக்குப் போனாலும் "கொலாட்டரல் என்ன இருக்கு?" என்ற கேள்வி வந்துவிடும். சொத்துப் பத்திரம் என்று புரிந்துகொண்டு பலர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள், ஏனென்றால் வீட்டடி நிலம் இன்னும் தாத்தா பேரில், பாகம் பிரிக்காமல் கிடக்கும்.

இது லத்தீனில் இருந்து வந்த சொல். 'கொம்' என்றால் உடன், 'லாட்டுஸ்' என்றால் பக்கம், ஆக பக்கத்தில் கூடவே நிற்பது என்று பொருள். 'கொலாட்டரல் செக்யூரிட்டி' என்றுதான் ஆங்கிலத்தில் முதலில் முழுசாகச் சொன்னார்கள், பிறகு பின்பாதி உதிர்ந்துவிட்டது. கடன் வாங்குகிறவர் கொடுக்கும் வாக்குறுதிதான் முதன்மை, அதற்குத் துணையாகப் பக்கத்தில் வைப்பது இந்தப் பொருள். இன்றைக்கு வங்கிகள் துணையை முதலில் கேட்டுவிட்டுத் தொழிலை அப்புறம்தான் பார்க்கின்றன, எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் ஊரில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் நகையைப் 'பணயம்' வைப்பார்கள், மலையாளத்திலும் அதே சொல்தான். ஆனால் மற்ற ஊர்த் தமிழருக்குப் பணயம் என்றால் சூதாட்டமோ பணயக்கைதியோதான் நினைவுக்கு வரும். 'ஒத்தி' வேறு, அதில் வட்டிக்குப் பதிலாகப் பணம் கொடுத்தவர் வீட்டையோ தோப்பையோ அனுபவிப்பார். 'அடமானம்' என்பது பொருளை வைக்கிற செயலைத்தான் பெரும்பாலும் குறிக்கிறது. பத்திரிகைகளில் அதிகம் வரும் 'பிணை', பிணைத்தல் என்பதிலிருந்து வந்தது. அதை ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பதற்கு வைத்துக்கொள்வதே நல்லது, ஜாமீன் என்று சொல்கிறோமே அதற்கு.

கடனுக்காக வைக்கிற பொருளைக் குறிக்கப் பொருத்தமான சொல் 'ஈடு'. நட்டத்தை ஈடுகட்டுவது, இழப்பீடு என்று நாம் பேசுகிறோம் இல்லையா, கடன் திரும்பாவிட்டால் வங்கி அந்தப் பொருளை விற்றுச் செய்வதும் அதுதான். ஒரு சிக்கல் உண்டு. 'ஈடில்லாக் கடன்' என்று எழுதினால் ஒப்பற்ற கடன் என்று அர்த்தமாகிவிடும், அதனால் 'ஈடு கேட்காத கடன்' என்றே எழுதுங்கள்.

ஈடு என்றால் நிலம் மட்டும்தான் என்பதும் தவறு. மெஷின், சரக்கு, வரவேண்டிய பில் தொகை எல்லாமே ஈடாகலாம். வளரும் நாடுகளில் சிறுதொழில் செய்பவர்களிடம் நிலத்தைவிட இவைதான் அதிகம் இருக்கும். கானா நாடு 2010ல் இப்படிப்பட்ட அசையும் பொருட்களையும் பதிவு செய்யும் ஈட்டுப் பதிவேடு தொடங்கியது, ஒரே மெஷினை ரகசியமாக இரண்டு இடத்தில் வைக்க முடியாது என்ற நம்பிக்கை அதனால் கடன் கொடுப்பவருக்கு வருகிறது. வங்கதேசத்தில் முகமது யூனுஸின் கிராமீன் வங்கி, ஏழைப் பெண்களுக்கு ஈடே கேட்காமல் கடன் கொடுத்துக் காட்டியது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்று 2010லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது, அந்த வரம்பு பிறகு உயர்த்தப்பட்டது. வரம்புக்கு மேலே போனால், 2000ல் மத்திய அரசும் சிட்பி என்கிற இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து தொடங்கிய கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு, கடன் வாராமல் போனால் வங்கியின் நட்டத்தில் ஒரு பங்கை அந்த நிதி ஏற்கும். கடன் வாங்கியவருக்குத் தள்ளுபடி என்று அர்த்தமில்லை, அவர் கட்டத்தான் வேண்டும். இதைச் சிலர் மானியம் என்று நினைத்துக்கொண்டு பிறகு சிக்கலில் மாட்டுகிறார்கள்.

ஆகவே விண்ணப்பம் எழுதும்போது 'உத்தரவாத நிதியின் கீழ், சொத்து ஈடும் மூன்றாம் ஆள் பிணையும் இல்லாமல்' என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு எடுத்துப் போங்கள்.