ஸ்டைபெண்ட்: 'உதவித்தொகை' என்னும் பிழை

தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்த 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு தொழிற்சாலையில் பழகுநராக (அப்ரண்டிஸாக) சேர்ந்திருந்தான். வயது 18 நிறையாததால் ஒப்பந்தத்தில் அவனுடைய தாயார் கையெழுத்திட்டிருந்தார். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை என்று அவர் சொன்னபோது, கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். "அது உதவித்தொகைதானேங்க, அவங்களாப் பாத்துக் குடுக்கறது. நாம போய் எப்படிக் கேக்கறது?" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலப் பகுதியில் ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக் காலத்தில் பழகுநருக்குத் தரும் மாதத் தொகை, என்று இருந்த இடத்துக்கு நேராகத் தமிழில் 'மாதாந்திர உதவித்தொகை' என்று அச்சாகியிருந்தது. அந்த அம்மையார் சொல்லைப் பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. தமிழ் அறிந்த எவரும் அச்சொல்லுக்குக் கொள்ளக்கூடிய பொருளைத்தான் அவரும் கொண்டார்.

ஸ்டைபெண்ட் என்பது இலத்தீன் மொழியின் 'ஸ்டிபெண்டியம்' என்பதிலிருந்து வந்தது. 'ஸ்டிப்ஸ்' என்றால் காசு; 'பெண்டெரே' என்றால் எடை நிறுத்தல், அதன் வழியே பணம் செலுத்துதல். ரோமானியப் படைவீரனுக்கு நிறுத்துக் கொடுக்கப்பட்ட சம்பளத்தின் பெயர் அது. 'ஸ்டிப்ஸ்' என்பதற்குக் காணிக்கை என்ற பொருளும் உண்டென்று சிலர் வாதிடலாம். உண்டுதான், ஆனால் கூட்டுச்சொல்லாகிப் படைவீரன் கைக்கு வந்தபோது அது காணிக்கையாக இருக்கவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். உதவி என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. கொடுக்காவிட்டால் வருந்தலாம், வழக்குத் தொடுக்க முடியாது. 'செய்யாமல் செய்த உதவி' என்று வள்ளுவர் சொல்வதும், முன்பு தனக்கு எதுவும் செய்திராத ஒருவருக்கு ஒருவர் செய்வதைத்தான். நாள் முழுவதும் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று பழகும் பையன் 'செய்யாமல்' வாங்குகிறானா? 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 13-ஆம் பிரிவில், வகுக்கப்பட்ட குறைந்த அளவுக்குக் குறையாமல் இத்தொகையை வேலையளிப்பவர் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. ஒரு மாதத்துக்குரிய தொகையை அடுத்த மாதம் 10-ஆம் நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2019-இல் விதிகளைத் திருத்தியபோது, கல்வித் தகுதிக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவுகள் வகுக்கப்பட்டன. நாள் குறித்து, அளவு குறித்து, தராதவரைச் சட்டம் தட்டிக் கேட்கும் ஒரு தொகைக்கு உதவி என்று பெயர் வைத்தவர், சட்டத்தைப் படிக்காமல் அகராதியை மட்டும் புரட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, இத்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், ஒன்றிய அரசு ஏற்றுக்கொள்கிறது. உதவி என்ற சொல்லுக்கு இங்கே எங்காவது இடம் உண்டென்றால் அது இந்தப் பங்குக்குத்தான். அந்த உதவியால் பயன்பெறுபவரோ சுமை குறைந்த வேலையளிப்பவர்.

உதவித்தொகையை விட்டவர்கள் 'ஊக்கத்தொகை'க்குத் தாவுகிறார்கள். இது அதனினும் பெரிய பிழை. கூடுதலாகச் செய்தவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது ஊக்கத்தொகை. பழகுநருக்கு எண்ணிக்கைக் கூலி கொடுக்கக் கூடாது, உற்பத்தி ஊக்கத் திட்டம் எதிலும் பங்கேற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதே 13-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் எதைப் பழகுநர் தலையில் கட்டக் கூடாது என்கிறதோ அதன் பெயரையே அவர் வாங்கும் தொகைக்குச் சூட்டியிருக்கிறோம்.

என் தேர்வு 'பயிற்சியூதியம்'. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 18-ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது. ஆகவே அவர் வாங்குவதை ஊதியம் என்றால் தொழிலாளர் சட்டங்கள் எல்லாம் அவருக்குப் பொருந்தும் என்ற மயக்கம் வரும் என்பது மறுப்பு. சட்டம் படித்த நண்பர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு வெற்றிக் களிப்பு தெரியும். ஆனால் தமிழில் ஊதியம் என்ற சொல் கூலி என்ற பொருளுக்குள் அடைபட்டதன்று. பழைய வழக்கில் அதன் பொருள் ஆதாயம், பேறு. 'அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற குறளில் யாரும் மாதச் சம்பளத்தைத் தேடுவதில்லை. பழைய வழக்கு வேண்டாம் என்றால் இன்றைய அலுவலகத் தமிழையே பார்க்கலாம். வேலையை விட்டு வீட்டில் இருப்பவருக்குக் கொடுப்பது ஓய்வூதியம். பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது பிழைப்பூதியம். வேலையே செய்யாத இருவர் வாங்குவது ஊதியமாக இருக்கலாம், எண்ணெய்க் கறையோடு நிற்கும் பையன் வாங்குவது மட்டும் உதவியாக இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? அவர் தொழிலாளர் அல்லர் என்பதைக் காட்டும் வேலையை முன்னால் நிற்கும் 'பயிற்சி' செவ்வனே செய்துவிடுகிறது. மேலும், தொழிலாளர் அல்லர் என்று சொன்ன அதே சட்டம், பணியிடத்தில் காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 16-ஆம் பிரிவிலும், தொழிற்சாலைகளுக்குரிய உடல்நல, பாதுகாப்பு ஏற்பாடுகள் அவருக்கும் பொருந்தும் என்று 14-ஆம் பிரிவிலும் சொல்கிறது. உரிமையற்றவராக அவரை அது விட்டுவிடவில்லை.

'பயிற்சிப்படி' என்று சொல்லலாமா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பாதி இணக்கம் உண்டு. படி அளவைப் பெயர். ரோமானியன் நிறுத்துக் கொடுத்தான் என்றால் நாம் அளந்து கொடுத்தோம், பொருத்தம் அழகாகவே இருக்கிறது. ஆனால் பயணப்படி, அகவிலைப்படி என்று படி எப்போதும் சம்பளத்தை ஒட்டியே வருகிறது. பழகுநருக்கோ இதைத் தவிர வேறு வருவாய் அங்கே இல்லை. 'பயிற்சியின்படி' என்று படித்துவிடும் இடரும் இருக்கிறது. போதாதற்குப் 'படியளக்கிறவர்' என்றதும் கும்பிடத் தோன்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

இந்தக் கோளாறு ஒரு சொல்லோடு நிற்பதன்று. இளம் வயதில் வேலைக்கு வருபவர்களைப் பற்றி எழுதும்போது மொழிபெயர்ப்பாளர் கை தானாகவே தணிந்துவிடுகிறது. சட்டப்படி உள்ள விடுப்பு 'விடுப்புச் சலுகை' ஆகிறது. இழப்பீடு 'நிவாரணம்' ஆகிறது. பாதுகாப்புக் கண்ணாடி 'இலவசமாக வழங்கப்படுகிறது'. பெரியவர்களுக்கு உரிமை என்று எழுதுகிற அதே பேனா சிறியவர்களுக்குச் சலுகை என்று எழுதுகிறது. தட்டிக் கேட்கும் பழக்கம் இன்னும் வராத வயதினருக்குத்தான் சொல் தெளிவாக இருக்க வேண்டும்.

கல்வி உதவித்தொகையை நான் தொடவில்லை. அது இருக்கும் இடத்தில் சரியாகவே இருக்கிறது. பயிற்சியூதியத்தை ஓய்வூதியம் போலச் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதினால், பயிற்சி கொடுப்பவர் வாங்கும் ஊதியம் என்றும் கொள்ள நேரும். ஒப்பந்தப் படிவத்தில் இச்சொல்லை இட மனம் வராதவர்கள், தமிழ் ஆர்வலன் என்ற முறையில் எனக்கு வருத்தம் என்றாலும், ஸ்டைபெண்ட் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம். பட்டறையில் எல்லாருக்கும் அது தெரியும், மாதம் பிறந்தால் "ஸ்டைபெண்ட் எங்கே?" என்று பையன்கள் கேட்கவும் செய்கிறார்கள்.