பதில் வராத நேரமும் காதலின் முதிர்ச்சியும்

கொடைக்கானல் மலைக்கிராமமான பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டைகளுடன் இறங்குகிறவரின் கைபேசி, மலைப்பாதையின் சில வளைவுகளில் தொடர்பற்றுப் போகலாம். அப்போது வீட்டிலிருப்பவர் "வண்டிக்கு என்ன ஆயிற்றோ" என்று கவலைப்படுவது இயல்பு. "வேண்டுமென்றே என்னைத் தவிர்க்கிறார்" என்று முடிவுகட்டுவதோ, தன் உள்ளத்தின் பதற்றத்தை மற்றவரின் குற்றமாகப் படிப்பதாகும். முதிராத காதலின் அடிப்படை இந்தத் தவறான வாசிப்புதான் என்பது என் கருத்து.

உடலின் கிளர்ச்சிக்கு மூளை தவறான காரணம் கற்பிக்கக்கூடும் என்பதை டட்டன், ஆரன் என்னும் உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கனடாவில் சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடும் தொங்கு பாலத்தில் ஒரு பெண் ஆய்வாளரைச் சந்தித்த ஆண்கள், தாழ்வான, உறுதியான பாலத்தில் அவரைச் சந்தித்தவர்களைவிட அதிக அளவில் பின்னர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். உயரம் தந்த படபடப்பை அவர்கள் ஈர்ப்பாக எடுத்துக்கொண்டதாக ஆய்வாளர்கள் விளக்கினர். கொடைக்கானலின் டால்பின் நோஸ் பாறை விளிம்பில் நிற்கும் புதிய இணையருக்கும் இது நேரலாம். இன்று அன்பும் நாளை மௌனமுமாக நடந்துகொள்பவர்மீது ஏக்கம் பெருகுவதற்கும் இதையொத்த காரணம் உண்டு: வருமா வராதா என்று தெரியாத வெகுமதி, வேட்கையைத் தூண்டும் மூளை வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கூடுதலாகத் தூண்டுகிறது.

முதிர்ந்த காதலில் மற்றவரின் இருப்பு பதற்றத்தைத் தணிக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் கோனும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டுக் மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் (எம்.ஆர்.ஐ.) படுத்திருந்த மணமான 16 பெண்கள், தத்தம் கணவரின் கையைப் பற்றியபோது, அச்சுறுத்தலுக்கு மூளை காட்டும் எதிர்வினை குறைந்தது. அறிமுகமற்றவரின் கையும் ஓரளவு உதவியது. ஆனால் இல்லற நிறைவு மிகுந்தவர்களிடம் கணவரின் கை தந்த தணிவு இன்னும் அதிகமாக இருந்தது.

காதல் முதிர்ந்தால் ஆசை வற்றிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள் (புதுமணத் தம்பதியரிடம் இதைச் சொல்லிச் சிரிக்கும் உறவினர் எல்லா ஊரிலும் உண்டு). சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்வு கண்டும் தீவிரக் காதலில் இருப்பதாகக் கூறிய 17 பேரின் மூளையை அசெவெடோவும் ஆரனும் மற்றவர்களும் ஆராய்ந்தபோது, புதுக் காதலர்களிடம் காணப்படும் அதே டோபமைன் மிகுந்த பகுதி துணையின் படத்தைப் பார்த்ததும் செயல்பட்டது. அதனுடன் பாசப்பிணைப்பு சார்ந்த பகுதிகளும் இயங்கின.