‘கிருஷ்ணகிரிக்கா?’ என்பது கேள்வி அல்ல

காவேரிப்பட்டணம் பஸ் நிறுத்தத்தில் பக்கத்துத் தெருக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன தம்பி, கிருஷ்ணகிரிக்கா?"

"கிருஷ்ணகிரியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து பர்கூர் போகிறேன் அண்ணா. முந்தைய பஸ்ஸில் போயிருக்கலாம், ஆனால்..."

நிமிர்ந்தபோது அவர் டீக்கடையை எட்டியிருந்தார். அவர் கேட்டது கேள்வி அல்ல, வணக்கம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வயதாகிவிட்டது.

எனக்கு ஆட்டிசத் தன்மைகள் உண்டு; பேச்சையும் புலன்களையும் மூளை வேறு விதமாகக் கையாளும் பிறவி இயல்பு அது. ஊரில் அதற்கு வேறு பெயர்: ‘முகம் கொடுத்துப் பேசமாட்டான்.’ வசவாகச் சொன்னாலும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல் காதில் ஏறாது. சொல்லைக் கவனித்தால் முகம் நழுவிவிடும்.

பேச்சு எளிதான காரியம் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009இல் வெளியான ஆய்வில், கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான் இருந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்குச் சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. அப்புறம் எப்படி 200இல் பதில் வரும்? எதிராளி முடிக்கும் முன்பே, எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருக்கிறோம். குரலின் இறக்கம், மூச்சு, பார்வை எல்லாம் அந்த ஊகத்துக்குத் தடயங்கள். தடயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறவனுக்கு, பதில் தயாராவதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

2012இல் முன்வைக்கப்பட்ட ஒரு கருதுகோள் இதை மூளையின் எதிர்பார்ப்போடு இணைக்கிறது. பழைய அனுபவத்தை வைத்து அடுத்தது என்ன என்று மூளை முன்கூட்டியே கணிக்கிறது. ஆட்டிசத்தில் அந்தக் கணிப்பின் பிடி தளர்ந்து, புலன்கள் கொண்டுவருவது வடிகட்டாமல் வந்து விழுகிறது என்பது அதன் சாரம். முடிந்த முடிவல்ல. ஆனால் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் நிற்கும்போது எனக்கு நம்பத் தோன்றும். ‘ஓசூர், ஓசூர்’ என்ற கூவல், ஹார்ன், டீ கிளாஸ் கழுவும் ஓசை, என்னிடமே பேசுகிறவரின் குரல், நான்கும் ஒரே எடையில் வந்து சேரும்.

அப்படியானால் குறை முழுக்க என்னிடமா? வெகுகாலம் அப்படித்தான் எண்ணினார்கள். குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து, கோளாறைத் தேடிய இடம் பெரும்பாலும் ஒருவர் தலைக்குள்தான். தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் அதைத் திருப்பிப் போட்டார்: புரியாமை இருபக்கமும் உண்டு. 2020இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு எட்டுப் பேராக வரிசை அமைத்து, ஒருவர் காதில் சொன்ன கதையை அடுத்தவருக்குச் சொல்லச் செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவில் சிதையாமல் எஞ்சியது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் பேரம் பேசுகின்றன. வார்த்தை புரியாவிட்டால் விரலைக் காட்டி விலை சொல்வார்கள். எதிரே நிற்பவருக்கு இதயமே இல்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

நானும் நடிக்கப் பழகினேன். "ஆமாம் அண்ணா, நீங்கள் எங்கே?" என்பதை மனப்பாடம் செய்து சொல்கிறேன். சரியாகவே வருகிறது. ஆனால் பத்துப் பேரிடம் சொல்லி வீடு திரும்பினால், விளக்கைப் போடாமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

பர்கூரில் மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்காரரிடம் மட்டும் அந்த நடிப்பு தேவைப்படுவதில்லை. சென்ற ஜூனில் தோதாபுரி ஏற்றிய லாரி மேடையில் நின்றது. இருவரும் எடை எண்ணையே பார்த்தபடி, எந்தப் பக்குவக் காய்க்குக் கூழ் அதிகம் என்று அரை மணி நேரம் பேசினோம். அவர் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.